பிலிப் பேட்டன்

பிலிப் அந்தோனி பேட்டன், இளையவர் (பெப்ரவரி 27, 1876 – ஆகஸ்ட் 1917) ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வாழ்ந்த வீட்டுமனைத் தரகரும் தொழில் முனைவோரும் ஆவார். ஆபிரிக்க அமெரிக்கரான இவர், 1904 ஆம் ஆண்டில் ஆப்ரோ-அமெரிக்கன் ரியல்டி கம்பெனி என்னும் வரையறுக்கப்பட்ட நிறுமத்தை நிறுவுவதில் முதன்மைப் பங்கு வகித்தார். கறுப்பின மக்களிடமே பங்குகளை விற்றுத் திரட்டிய பணத்தைக் கொண்டு, ஹார்லெம் பகுதியில் வாடகைக் குடியிருப்புகளை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் கறுப்பின மக்களுக்கு வாடகைக்கு விடுவது இந்நிறுமத்தின் தொழிலாக இருந்தது. நிறுமம் நான்கு ஆண்டுகளே நீடித்தது. எனினும், வெள்ளையர் மட்டுமே வாழ்வதற்கெனக் கட்டப்பட்ட ஹார்லெம், கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகராக மாறியதற்கு வழி திறந்தவர்களுள் முதல்வராகப் பேட்டன் கருதப்படுகிறார். இதனால் இவர் ஹார்லெமின் தந்தை என்றும் அழைக்கப்படுகிறார்.

இளமை

பேட்டன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்ட் என்னும் சிறு நகரில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் பிலிப் பேட்டன் என்பதே. எனவே இவர் இளையவர் என்னும் அடைமொழியுடன் குறிப்பிடப்படுகிறார். தந்தை முடிதிருத்துநராகத் தொழில் செய்து, சொந்தமாகக் கடை வைத்திருந்தார். தாயும் சிகை அலங்காரத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறையே கடந்திருந்த அக்காலத்தில், ஒரு சிறு நகரில் சொந்தத் தொழிலுடன் வாழ்ந்த இக்குடும்பம் ஓரளவு வசதியான கறுப்பினக் குடும்பங்களுள் ஒன்றாக இருந்தது.

பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர் மிகுந்த அக்கறை காட்டினர். பேட்டனின் சகோதரர் இருவர் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றனர். சகோதரி வெஸ்ட்ஃபீல்டில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேறினார். பேட்டன் வட கரோலினா மாநிலத்தின் சாலிஸ்பரி நகரில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் பயின்றார். தந்தையின் கடையில் முடிதிருத்தும் தொழிலையும் கற்றுக்கொண்டார். படிப்பில் உடன்பிறந்தோர் அளவுக்கு முன்னேறாத இவர், 1899 ஆம் ஆண்டில் தம் இருபத்து மூன்றாம் வயதில் பிழைப்புத் தேடி நியூயார்க் நகருக்குச் சென்றார்.

நியூயார்க்கில் தொடக்க ஆண்டுகள்

நியூயார்க்கில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த வேலைகள் மிகச் சிலவே. பேட்டன் முதலில் ஒரு பெரிய அங்காடியில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். பின்னர் முடிதிருத்தும் கடையில் பணியாற்றினார். அதன் பின்னர் ஒரு வீட்டுமனை அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கு அமர்ந்தார். இந்த மூன்றாவது வேலையே இவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே, வீடுகள் எவ்வாறு வாங்கப்படுகின்றன, எவ்வாறு வாடகைக்கு விடப்படுகின்றன, தரகு எவ்வளவு கிடைக்கிறது என்பனவற்றை இவர் கவனித்து அறிந்துகொண்டார்.

1900 ஆம் ஆண்டில் பேட்டன் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து, கறுப்பின மக்களுக்கான வாடகை வீடுகளைக் கவனிக்கும் தரகு அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். நண்பர்கள் பலரும் இம்முயற்சி வெற்றி பெறாது என்று எச்சரித்தனர். முதல் சில மாதங்களில் வருவாய் ஏறக்குறைய எதுவும் இருக்கவில்லை. கூட்டாளி விலகிச் சென்றார். மனைவி தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். பிறருக்கு வீடு பிடித்துத் தரும் தொழிலைத் தொடங்கியவர், வாடகை செலுத்த இயலாமல் தாம் குடியிருந்த வீட்டையே காலி செய்ய நேர்ந்தது.

ஹார்லெமும் கறுப்பின மக்களின் குடியிருப்பு நிலையும்

பேட்டனின் பணியை விளங்கிக்கொள்ள, அக்காலத்து மன்ஹாட்டன் தீவின் குடியிருப்பு நிலையை அறிதல் வேண்டும். 1900 ஆம் ஆண்டளவில் நியூயார்க்கின் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் தீவின் மேற்குப் பகுதியில் இருந்த டெண்டர்லாயின், சான் ஜுவான் ஹில் ஆகிய இடங்களில் நெருக்கமாக வாழ்ந்து வந்தனர். பழுதடைந்த கட்டடங்களுக்கும் அவர்கள் வெள்ளையர் செலுத்தியதைவிடக் கூடுதலான வாடகை செலுத்த வேண்டியிருந்தது. வேறு இடங்களில் அவர்களுக்கு வீடு தர உரிமையாளர்கள் மறுத்தமையே இதற்குக் காரணம். 1900 ஆகஸ்ட் மாதத்தில் டெண்டர்லாயின் பகுதியில் கறுப்பினத்தவருக்கு எதிராகப் பெரும் கலவரம் ஒன்று மூண்டது. சில ஆண்டுகளில் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் கட்டுவதற்காக அதே பகுதியில் பல வீடுகள் இடிக்கப்பட்டன. இவ்வாறு, இருந்த வீடுகளும் குறைந்துகொண்டே வந்தன.

தீவின் வடபகுதியில் இருந்த ஹார்லெமின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. டச்சுக் குடியேறிகளால் 1658 ஆம் ஆண்டில் சிற்றூராகத் தோற்றுவிக்கப்பட்ட ஹார்லெம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வசதி படைத்த வெள்ளையர் விரும்பும் புறநகராக வளர்ந்தது. சுரங்கத் தொடர்வண்டிப் பாதை ஹார்லெம் வரை அமைக்கப்படும் என்னும் செய்தி பரவியதும், முதலீட்டாளர்கள் போட்டியிட்டு நிலம் வாங்கி, அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்பினர். மனைகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பாதை 1904 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆனால் அதற்குள்ளாகவே தேவைக்கு மிகுதியான வீடுகள் கட்டப்பட்டுவிட்டன. புதிய கட்டடங்கள் பல ஆளின்றிக் கிடந்தன. 1904, 1905 ஆம் ஆண்டுகளில் விலை சரிந்தது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் வட்டி செலுத்த இயலாமல் தவித்தனர்.

ஒரு புறம் வீடின்றித் தவித்த மக்கள், மறுபுறம் குடியிருப்போர் இன்றிக் கிடந்த வீடுகள் என்னும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே இருந்த தடை நிறவேற்றுமை ஒன்றே. அத்தடையைத் தொழில் வாய்ப்பாகக் கண்டவர் பேட்டன்.

முதல் வாய்ப்பு

பேட்டனுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இரு வெள்ளைய உரிமையாளர்களுக்கு இடையே மூண்ட பூசலால் விளைந்தது. மேற்கு 134 ஆம் தெருவில் அடுத்தடுத்துக் கட்டடங்களை வைத்திருந்த இருவருள் ஒருவர், மற்றவரைப் பழிவாங்கும் நோக்கத்துடன் தம் கட்டடத்தைப் பேட்டனிடம் ஒப்படைத்து, அதில் கறுப்பினக் குடும்பங்களைக் குடியமர்த்துமாறு கூறினார். பேட்டன் கட்டடத்தை விரைவாக நிரப்பினார். வாடகையும் ஒழுங்காக வசூலானது. இதைக் கண்ட வேறு சில உரிமையாளர்களும், காலியாகக் கிடந்த தங்கள் கட்டடங்களை இவரிடம் ஒப்படைக்க முன்வந்தனர்.

உரிமையாளர்கள் இவரை நாடியதற்குப் பரிவு உணர்ச்சி காரணம் அன்று. வேறிடத்தில் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள், சரிந்து கிடந்த ஹார்லெம் வாடகையைவிடக் கூடுதலாகச் செலுத்தவும் ஒப்பின. காலியாகக் கிடக்கும் கட்டடத்தைவிட, நிறைந்த கட்டடம் உரிமையாளருக்கு இலாபகரமாக இருந்தது. பேட்டனின் நிலை விரைவில் உயர்ந்தது. 1903 ஆம் ஆண்டில் இவர் மேற்கு 131 ஆம் தெருவில் 13 ஆம் எண் வீட்டைத் தமக்கென வாங்கிக் குடியேறினார்.

கூட்டாண்மையிலிருந்து நிறுமம்

பிறருடைய கட்டடங்களைக் கவனித்துத் தரகு பெறும் வரையில், பேட்டனின் தொழில் உரிமையாளர்களின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. உரிமையாளர் மனம் மாறினாலோ, கட்டடத்தை விற்றுவிட்டாலோ, குடியிருந்தோர் வெளியேற வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றுவதற்குப் பேட்டன் முதலில் கறுப்பினத் தொழில் முனைவோர் பத்துப் பேரைக் கொண்ட கூட்டாண்மை ஒன்றை அமைத்தார். வெள்ளையருக்குச் சொந்தமான ஹார்லெம் கட்டடங்களை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்து, அவற்றைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு உள்வாடகைக்கு விடுவது இக்கூட்டாண்மையின் வழக்கமாக இருந்தது. உரிமையாளருக்குக் கொடுக்கும் குத்தகைத் தொகைக்கும், குடியிருப்போரிடம் பெறும் வாடகைக்கும் உள்ள வேறுபாடு இவர்களுக்கு வருவாயாகக் கிடைத்தது.

குத்தகையைவிடச் சொந்த உரிமையே உறுதியானது. ஆனால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை வாங்குவதற்கு வேண்டிய பணம் கறுப்பினத் தனியாள் எவரிடமும் எளிதில் இருக்கவில்லை. மேலும் கூட்டாண்மையில் கடன் பொறுப்பு ஒவ்வொரு கூட்டாளியின் சொந்த உடைமையையும் பற்றும். ஒரு கட்டடம் நட்டமடைந்தால், கூட்டாளியின் வீடும் சேமிப்பும் கூட இழக்கப்படலாம். நிறுமம் என்னும் அமைப்பில் இவ்விரு இடர்களுக்கும் விடை இருந்தது. நிறுமம் சட்டத்தின் பார்வையில் தனியொரு ஆள் ஆகும். கட்டடம் அதன் பெயரில் இருக்கும். அடமானக் கடனும் அதன் பெயரிலேயே இருக்கும். பங்குதாரர் தாம் பங்குக்குச் செலுத்திய பணத்தை மட்டுமே இழக்கக்கூடும். பங்கின் விலையைச் சிறிதாக வைத்தால், வீட்டு வேலை செய்பவரும், உணவகப் பணியாளரும், தொடர்வண்டிச் சுமையாளரும் கூட ஒரு பெரிய கட்டடத்தின் உரிமையில் பங்கு பெற இயலும்.

இவ்வடிப்படையில் 1904 ஜூன் 15 அன்று ஆப்ரோ-அமெரிக்கன் ரியல்டி கம்பெனி நியூயார்க் மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் 10 டாலர் மதிப்புள்ள 50,000 பங்குகளை வெளியிட, அதாவது 5,00,000 டாலர் வரை முதல் திரட்ட, அதற்கு இசைவு அளிக்கப்பட்டது. நகரில் எவ்வகைக் கட்டடத்தையும் வாங்கவும், விற்கவும், வாடகைக்கு விடவும், நடத்தவும் அதற்கு உரிமை இருந்தது. இயக்குநர்கள் அனைவரும் கறுப்பினத்தவரே. அவர்களுள் பத்துப் பேர் ஆளுக்கு 500 பங்குகள் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டனர். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் செயலாளராக இருந்த எம்மெட் ஸ்காட், இதழாளர் பிரெட் மூர் ஆகியோர் நிறுமத்துடன் தொடர்பு கொண்டிருந்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள். வாஷிங்டன் 1900 ஆம் ஆண்டில் தோற்றுவித்த தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தில் பேட்டனும் பங்கு கொண்டிருந்தார். அரசியல் உரிமைக்கு முன்னர்ப் பொருளாதார வலிமை தேடவேண்டும் என்னும் அக்கழகத்தின் கொள்கைக்கு இந்நிறுமம் ஓர் எடுத்துக்காட்டாகக் கருதப்பட்டது. பேட்டன் இதன் பொது மேலாளராகப் பொறுப்பேற்றார்.

135 ஆம் தெரு மோதல்

நிறுமத்தின் பெயரை நகரெங்கும் பரப்பிய நிகழ்வு மேற்கு 135 ஆம் தெருவில் நடந்தது. வெள்ளையருக்குச் சொந்தமான ஹட்சன் ரியல்டி நிறுவனம், கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த சில கட்டடங்களை அத்தெருவில் வாங்கியது. அக்குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, வெள்ளையரை மட்டும் குடியமர்த்துவது அதன் நோக்கமாக இருந்தது. அவ்வாறே வெளியேறுமாறு அறிவிப்பும் கொடுக்கப்பட்டது.

பேட்டன் நீதிமன்றத்தை நாடவில்லை. அக்காலச் சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கவில்லை. மாறாக, வெள்ளையர் குடியிருந்த அண்டைக் கட்டடங்களைத் தம் நிறுமத்திற்காக வாங்கினார். பின்னர் அங்கிருந்த வெள்ளையரை வெளியேற்றி, ஹட்சன் நிறுவனம் வெளியேற்றிய கறுப்பினக் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார். உரிமையாளர் தம் விருப்பப்படி குடியிருப்போரை மாற்றலாம் என்னும் அதே விதி, இப்போது எதிர்த் திசையில் பயன்பட்டது. கறுப்பினத்தவர் குடியிருந்த கட்டடங்களுக்கு நடுவே இருந்த தன் கட்டடங்களுக்கு வெள்ளையர் வரமாட்டார்கள் என்பதை உணர்ந்த ஹட்சன் நிறுவனம், இறுதியில் அவற்றை விற்றுவிட்டது. அவையும் பேட்டனின் நிறுமத்தின் கைக்கு வந்தன.

நியூயார்க் நாளிதழ்கள் இச்செய்தியை வெளியிட்டன. பங்கு வாங்கத் தயங்கிய கறுப்பின மக்களுக்கு இது பெரும் ஊக்கம் அளித்தது. தங்களை வெளியேற்ற எவராலும் இயலாத கட்டடம் ஒன்று, தங்கள் பணத்தால் வாங்கப்படக்கூடும் என்பதை அவர்கள் முதன்முறையாகக் கண்டனர்.

வணிக முறை

நிறுமம் தன் பங்குகளைக் கறுப்பினச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தும், முகவர்களை அனுப்பியும் விற்றது. இனத்தின் முன்னேற்றத்திற்கு உதவுவதும் ஆதாயம் பெறுவதும் ஒன்றே என்று விளம்பரங்கள் வலியுறுத்தின. கறுப்பினத்தவருக்கு எதிராக இருந்துவந்த வெறுப்பையே அவர்களுக்கு இலாபம் தரும் கருவியாக மாற்றலாம் என்பது நிறுமத்தின் அடிப்படை வாதமாக இருந்தது. முதலீட்டிற்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை ஆதாயம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு ஊட்டப்பட்டது.

உச்ச நிலையில் நிறுமத்தின் பொறுப்பில் ஏறக்குறைய இருபது அடுக்குமாடிக் கட்டடங்கள் இருந்தன. அவற்றின் மதிப்பு 6,90,000 டாலர் எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் இவற்றுட் பல நிறுமத்தின் முழு உரிமைக்கு உட்பட்டவை அல்ல. சில குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. வாங்கப்பட்டவற்றின் மீதும் பெருமளவில் அடமானக் கடன் இருந்தது. சிறு தொகையை முன்பணமாகச் செலுத்தி, எஞ்சியதை அடமானக் கடனாகப் பெற்றுக் கட்டடம் வாங்குவதும், பின்னர் அக்கட்டடத்தின் வாடகையிலிருந்தே வட்டி செலுத்துவதும் பேட்டனின் முறையாக இருந்தது. வாடகை தடையின்றி வரும் வரையில் இம்முறை சிறு முதலைக் கொண்டு பல கட்டடங்களைப் பெற உதவியது. வாடகை குறைந்தாலும், புதிய கடன் கிடைக்காமற் போனாலும், வட்டியும் குத்தகையும் மட்டும் குறையாமல் நின்றன.

நிறுமத்தின் வாடகை அளவு பற்றியும் குறை கூறப்பட்டது. கறுப்பினக் குடும்பங்கள் நல்ல வீடுகளைப் பெற்றன என்றாலும், அதே வீட்டுக்கு வெள்ளையர் செலுத்தியதைவிடக் கூடுதலான வாடகையே செலுத்தின. பல குடும்பங்கள் அறை ஒன்றை வேறொருவருக்கு விட்டே அவ்வாடகையைச் சமாளித்தன. குடியிருப்போரின் நலனும் பங்குதாரரின் ஆதாயமும் ஒரே இனத்தவருக்கு உரியனவாக இருந்தபோதும், அவை ஒன்றுக்கொன்று முரண்படக்கூடியன என்பது இதனால் வெளிப்பட்டது.

வழக்கும் வீழ்ச்சியும்

பங்குதாரர்கள் எதிர்பார்த்த ஆதாயம் உரிய காலத்தில் வரவில்லை. பேட்டன் நிறுமத்தைத் தம் விருப்பப்படியே நடத்துகிறார் என்னும் குறையும் எழுந்தது. 1906 ஆம் ஆண்டில் பங்குதாரர்கள் சிலர் ஒன்று சேர்ந்து நிறுமத்தின் மீதும், பேட்டன் மீதும் வழக்குத் தொடுத்தனர். பங்கு விற்பனைக்கென வெளியிடப்பட்ட அறிக்கையில் உண்மைக்கு மாறான செய்திகள் இருந்தன என்பது அவர்களுடைய முறையீடு. குத்தகைக்கு எடுத்த கட்டடங்களைச் சொந்தக் கட்டடங்கள் போலவும், அடமானத்தில் இருந்த கட்டடங்களைக் கடன் இல்லாதவை போலவும் அவ்வறிக்கை காட்டியதாக அவர்கள் கூறினர். 1907 ஜனவரியில் மோசடிக் குற்றச்சாட்டின் பேரில் பேட்டன் கைது செய்யப்பட்டார்.

வழக்கை விசாரித்த நீதிமன்றம், அறிக்கை மக்களைத் தவறான எண்ணத்திற்கு உட்படுத்தியது உண்மையே எனக் கண்டது. வழக்குத் தொடுத்தவருக்கு அவருடைய பணத்தைத் திருப்பித் தருமாறு நிறுமத்திற்கு ஆணையிட்டது. எனினும் பேட்டன் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்படவில்லை. பங்குதாரர்களின் சொந்த உடைமையைக் காப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறும அமைப்பு, அதை நடத்தியவரையும் இவ்வழக்கில் காத்தது.

1907 ஜூன் மாதத்தில் நிறுமம் தன் முதல் ஈவுத்தொகையை அறிவித்தது. அதுவே இறுதியானதும் ஆயிற்று. வழக்கினால் நம்பிக்கை குலைந்திருந்தது. புதிதாகப் பங்கு வாங்க முன்வருவோர் குறைந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் வங்கிகளில் பெரும் நெருக்கடி தோன்றியது. கடன் கிடைப்பது அரிதாயிற்று. வேலை இழந்த குடும்பங்களிடமிருந்து வாடகை வருவது தடைப்பட்டது. அடமான வட்டியைச் செலுத்த இயலாத நிறுமம் கட்டடங்களை ஒவ்வொன்றாக இழந்தது. 1908 ஆம் ஆண்டில் அது செயலற்றுப் போயிற்று. சேமிப்பைப் பங்காக மாற்றியிருந்த எளிய மக்கள் பலருக்கு, அவர்கள் செலுத்திய பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஆயினும் கட்டடங்கள் நிறுமத்தின் கையை விட்டுச் சென்றபோது, அவற்றில் குடியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்படவில்லை. கட்டடங்களைப் பெற்ற வெள்ளைய உரிமையாளர்களும் கடன் கொடுத்தோரும், அவ்வீடுகளில் மீண்டும் வெள்ளையரைக் குடியமர்த்துவது இலாபம் தராது என்று உணர்ந்திருந்தனர். நிறுமம் மறைந்தது, அது தொடங்கிவைத்த குடியேற்றம் நிலைத்தது.

பிற்காலம்

நிறுமத்தின் வீழ்ச்சிக்குப் பின்னரும் பேட்டன் தொழிலைக் கைவிடவில்லை. தம் பெயரிலேயே பிலிப் ஏ. பேட்டன் இளையவர் கம்பெனி என்னும் நிறுவனத்தை நடத்தி, ஹார்லெமில் வாடகைக் கட்டடங்களைக் கவனித்தும், விற்பனைக்குத் தரகு செய்தும் வந்தார். இக்காலத்தில் ஹார்லெமின் வெள்ளைய உரிமையாளர்கள் எதிர்ப்பை ஒழுங்குபடுத்தினர். தங்கள் கட்டடங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று தெருத்தெருவாக ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. இவற்றை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், கறுப்பினத்தவர் வாழும் பகுதியைப் பிரிக்க 136 ஆம் தெருவில் உயர்ந்த வேலி எழுப்பலாம் என்று கூடக் கருத்துக் கூறினார். ஆனால் வாடகை வராத கட்டடத்திற்கு வட்டி செலுத்திய உரிமையாளர்கள் ஒவ்வொருவராக ஒப்பந்தத்தை மீறினர். ஒருவர் மீறியதும் அடுத்தவர் தாமும் விற்க விரைந்தார்.

1917 ஜூலை மாதத்தில் பேட்டனின் நிறுவனம் மேற்கு 141, 142 ஆம் தெருக்களில் அமைந்த ஆறு அடுக்குமாடிக் கட்டடங்களைப் பெற்றது. இதன் மதிப்பு ஏறக்குறைய 15 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவரின் குடியிருப்புக்காக அதுவரை நடந்த வீட்டுமனைக் கொள்முதல்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது பேசப்பட்டது. அக்கட்டடங்களுக்குக் கறுப்பின வரலாற்றில் புகழ்பெற்ற ஆறு பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அமெரிக்க விடுதலைப் போருக்கு முன்னர்ப் பாஸ்டனில் உயிரிழந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஹெய்தி விடுதலைப் போரின் தலைவர் தூசான் லூவெர்த்தூர், கவிஞர் பிலிஸ் வீட்லி, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், அடிமை ஒழிப்புப் போராளி பிரெடரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன் ஆகியோரே அவர்கள்.

மறைவு

இக்கொள்முதல் நடந்து சில வாரங்களே கடந்த நிலையில், 1917 ஆகஸ்ட் மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆலன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் பேட்டன் ஈரல் புற்றுநோயால் காலமானார். அப்போது இவருக்கு வயது 41.

தாக்கம்

பேட்டனின் நிறுமத்தில் விற்பனை முகவர்களாகத் தொழில் கற்ற ஜான் நெயில், ஹென்றி பார்க்கர் ஆகிய இருவரும் 1907 ஆம் ஆண்டில் தனியாக நிறுவனம் தொடங்கினர். 1911 ஆம் ஆண்டில், கறுப்பினத்தவரின் செல்வமிக்க திருச்சபைகளுள் ஒன்றான புனித பிலிப் திருச்சபை, மேற்கு 135 ஆம் தெருவில் பத்து அடுக்குமாடிக் கட்டடங்களை 6,40,000 டாலருக்கு வாங்கியது. இதை நடத்தி வைத்தவர்கள் இவ்விருவரே. வெள்ளையர் மட்டும் குடியிருந்த அக்கட்டடங்கள் கறுப்பினத்தவருக்குத் திறக்கப்பட்டன. பேட்டனின் நிறுமம் கடனைச் சார்ந்து நின்றது. திருச்சபையோ தன் பழைய உடைமையை விற்ற பணத்தைக் கொண்டு வாங்கியது. இதனால் அக்கட்டடங்கள் எளிதில் கைமாறவில்லை.

1920களில் ஹார்லெம் மறுமலர்ச்சி எனப்படும் இலக்கிய, இசை, கலை எழுச்சி இப்பகுதியில் தோன்றியது. பேட்டன் முதன்முதலில் மோதிய 135 ஆம் தெருவில் இருந்த பொது நூலகக் கிளை அவ்வெழுச்சியின் மையங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. அறிஞர் ஆர்த்துரோ ஷோம்பர்க் திரட்டிய நூல்களும் ஆவணங்களும் 1926 ஆம் ஆண்டில் அங்கேயே சேர்க்கப்பட்டன. எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1930 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளாக் மன்ஹாட்டன் என்னும் நூலில் பேட்டனின் பங்கு எடுத்துரைக்கப்பட்டுள்ளது.

குடியிருப்பில் நிறவேற்றுமை காட்டுவதைச் சட்டம் தடுப்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தல் கூடாது என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனவேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1968 ஆம் ஆண்டில் நிறைவேறியது. பேட்டனின் காலத்தில் இத்தகைய காப்பு எதுவும் இருக்கவில்லை. கட்டடத்தின் உரிமை யாருடையது என்பதே யார் அதில் வாழலாம் என்பதை முடிவு செய்தது.

மதிப்பீடு

பேட்டனைப் பற்றிய மதிப்பீடுகள் இரு வகைப்படுகின்றன. ஒரு சாரார், இவர் தம் இனத்தவரின் பற்றைப் பயன்படுத்திப் பங்கு விற்றார், கடன் நிலையை மறைத்தார், கூடுதல் வாடகை வாங்கினார் என்று குறை கூறுகின்றனர். நீதிமன்றத் தீர்ப்பு இக்குறைகளுள் முதன்மையானதை உறுதிப்படுத்துகிறது. மற்றொரு சாரார், எவரும் துணியாத காலத்தில் இவர் திறந்த வழியிலேயே பல்லாயிரம் குடும்பங்கள் நல்ல வீடுகளை அடைந்தன என்று சுட்டுகின்றனர். ஹார்லெமின் பிற்கால வரலாறு இதனையும் உறுதிப்படுத்துகிறது.

பலரின் சிறு சேமிப்பை ஒன்றுசேர்த்து வாடகைச் சொத்து வாங்கும் நிறும அமைப்பின் வலிமையும் குறையும் பேட்டனின் வாழ்வில் ஒருங்கே காணப்படுகின்றன. 10 டாலர் செலுத்தியவரையும் அது கட்டட உரிமையில் பங்குள்ளவர் ஆக்கியது; அவருடைய இழப்பையும் அந்த 10 டாலருக்குள் அடக்கியது. ஆனால் அந்த 10 டாலர் எத்தகைய கட்டடத்தில், எவ்வளவு கடனுக்கு மேல் நிற்கிறது என்பதை அவருக்கு உண்மையாகச் சொல்லவேண்டிய கடமை நிறுமத்தை நடத்தியவரிடமே இருந்தது. அக்கடமை தவறியதால் பங்குதாரர் தம் பணத்தை இழந்தனர். குடியிருப்போர் மட்டும் தம் வீடுகளில் நிலைத்தனர்.